ப்ளூஸ் ஷஃபிள்: வாசிக்காமல் விழுங்க வேண்டிய ஓர் எழுத்து

எட்டு மாதமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறீர்கள். ஏ, டி, ஈ கார்டுகள் தடங்கலில்லாமல் மாறுகின்றன. இப்போது ப்ளூஸ் ஷஃபிள், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் வரும் ஒரு தாள நடை, பழகுகிறீர்கள். டேப்பில் (tab, எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்பதை எண்களால் எழுதிய தாள்) உள்ளபடிதான் அடிக்கிறீர்கள், ஆனாலும் ரெக்கார்ட் செய்து கேட்டால் பள்ளிக்கூட மைதானத்தில் கவாத்து நடப்பது போல இருக்கிறது. எங்கே தவறு, எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினால்தான் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடது கையில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. தவறு பெரும்பாலும் டேப்பைப் படித்த விதத்தில்தான் இருக்கும். அதில் ஒரு பாருக்கு, அதாவது நான்கு தட்டு கொண்ட ஒரு கட்டத்துக்கு, எட்டு எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும்: 2 2 4 4 2 2 4 4. எல்லாம் சம இடைவெளியில். கண் அதை எட்டு சமமான அடிகளாக வாங்கிக்கொள்கிறது, கையும் அப்படியே அடிக்கிறது. ஆனால் பக்கத்தின் மேல் மூலையில், வேகம் குறித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு குறி இருக்கும். இரண்டு எட்டாம் நோட்டுகள், ஒரு சமக்குறி, அப்புறம் மேலே 3 என்று எழுதிய ஒரு கூட்டம். "இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதைச் சமமாக வாசிக்காதே" என்று அது சொல்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டால் நீங்கள் கேட்ட கவாத்துதான் கிடைக்கும்.

அந்தக் குறியின் பொருளை நமக்கு விளக்குவது சுலபம். திஸ்ர நடை தெரியுமல்லவா? ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து: தகிட. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தொடையில் சீராக நான்கு தட்டு தட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் 'தகிட' சொல்லுங்கள். தகிட தகிட தகிட தகிட. மூன்று எழுத்தும் ஒரே நீளம். இரண்டு நிமிடம் சொன்ன பிறகு நடுவில் இருக்கும் 'கி'யை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்குங்கள். அதன் நேரம் அப்படியே இருக்க வேண்டும், சத்தம் மட்டும் வரக்கூடாது. தா-ட தா-ட தா-ட தா-ட. இதுதான் ஷஃபிள். ஒரு தட்டில் முதல் அடிக்கு மூன்றில் இரண்டு பங்கு நேரம், இரண்டாவதற்கு ஒரு பங்கு. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் இருந்தால் ஒரு தட்டு ஒரு விநாடி; நீள அடி 0.67 விநாடி, குட்டை அடி 0.33 விநாடி.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் கணக்கை மட்டும் சரியாக வாசித்தாலும் ஷஃபிள் கொஞ்சம் நொண்டும். இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு டிரம்மர், என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் முறை அவரோடு வாசித்தபோது ஒரு சுற்று முடிவதற்குள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, நீ தா-ட, தா-டன்னு பிரிக்கிற. ட-தா, ட-தான்னு பிரிச்சுப் பாரு" என்றார். அதே எழுத்துகள்தான், அதே நேரம்தான். ஆனால் குட்டையான 'ட' தனக்கு முன்னால் போன தட்டின் வாலாக இல்லாமல், அடுத்த தட்டுக்கு ஏறும் படியாக மாறிவிட்டது. வாயால் நான்கு தடவை சொல்லிப் பார்த்தாலே தோள் அசையத் தொடங்கும். 'தா-ட' என்று நினைத்து வாசிக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் ஒரு முறை நின்று கிளம்புகிறோம். 'ட-தா' என்று நினைத்தால் நிற்க இடமே கிடையாது. ஷஃபிள் பற்றி நான் கற்றுக்கொண்டதிலேயே விலைமதிப்பானது இதுதான். இன்னும் எத்தனை நாள் ஆனாலும் சரி, வாயில் இது வரும்வரை கிட்டாரை எடுக்காதீர்கள்.

இப்போது கிட்டார். ஏ ஸ்கேலில் தொடங்குவோம், மூன்று கார்டுக்கும் அடிக்கம்பி திறந்தபடியே, அதாவது விரல் வைக்காமலே, கிடைக்கும். ஏ-வுக்கு ஐந்தாம் கம்பியைத் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணுங்கள்) திறந்து விட்டு, நான்காம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டம்) சுட்டுவிரல். இந்த இரண்டு கம்பிகளை மட்டும் சேர்த்து இரண்டு முறை அடியுங்கள், ஒரு தட்டு முடிந்தது. அடுத்த தட்டுக்கு மோதிர விரலை அதே கம்பியின் 4ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள், இரண்டு முறை. மறுபடி 2, மறுபடி 4. ஒரு பார் முடிந்தது. டி-க்கு அப்படியே ஒரு கம்பி கீழே: நான்காம் கம்பி திறந்தது, மூன்றாவதில் 2ம் 4ம். ஈ-க்கு ஒரு கம்பி மேலே: ஆறாம் கம்பி திறந்தது, ஐந்தாவதில் 2ம் 4ம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோதிர விரல் 4க்குப் போகும்போது சுட்டுவிரலை 2இலிருந்து எடுத்துவிடுவது எல்லோரும் செய்வது. எடுக்காதீர்கள். அது தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும், மோதிர விரல் மட்டும் வந்து வந்து போகட்டும். அப்போதுதான் 4இலிருந்து 2க்குத் திரும்பும்போது இடையில் ஓட்டை விழாது. சுட்டுவிரலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அதன் அடிப்பக்கம் கீழே உள்ள மெல்லிய கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிக் (கம்பியைச் சுண்டும் சின்ன வில்லை) தவறிப்போய் அவற்றில் பட்டாலும் 'டப்' என்ற சத்தம்தான் வரும், சுருதி கெடாது.

கை பழகிய பிறகு சுண்டுவிரலால் 5ஆம் ஃப்ரெட்டையும் சேர்க்கலாம்: 2 2 4 4 5 5 4 4. ஆனால் முதல் இரண்டு வாரம் வேண்டாம். ஐந்து வந்ததும் கவனம் முழுக்க இடது கைக்குப் போய்விடும். நமக்கு இப்போது வலது கைதான் முக்கியம்.

வலது கையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பகுதியை, கம்பிகள் பிரிட்ஜில் போய் உட்காரும் இடத்தில் வையுங்கள். சற்று முன்னால் நகர்ந்தால் சத்தம் மொத்தையாகி எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் போகும். பின்னால் போனால் கம்பி மணி போல நீண்டு ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவில், ஒரு சென்டிமீட்டருக்குள், ஒரு இடம் இருக்கிறது: ஸ்வரம் தெளிவாகக் கேட்கும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். உங்கள் கிட்டாரில் அது எங்கே என்று நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். கிட்டாருக்குக் கிட்டார் மாறும்.

அடி எல்லாம் கீழ்நோக்கியே இருக்கட்டும். பிறகு குட்டை அடியை மேல்நோக்கி எடுக்கலாம், வேகமான பாட்டுகளுக்கு அதுதான் வசதி. ஆனால் எட்டும் கீழ்நோக்கி அடிக்கும்போது கிடைக்கும் கனம் தனி. முழங்கை நகர வேண்டாம், மணிக்கட்டு போதும்.

அப்புறம் அழுத்தம். டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டாம், நான்காம் தட்டில் ஸ்னேர் என்ற டிரம்மை அடிப்பார். உங்களிடம் டிரம்ஸ் இல்லை, அதனால் அந்த வேலையும் உங்கள் பிக்குக்குத்தான். இரண்டிலும் நான்கிலும் வரும் 'தா'வைக் கொஞ்சம் பலமாக அடியுங்கள். முதல் தட்டில் ஓங்கி அடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், அழுத்தியே வளர்ந்த காது. கவாத்து போலக் கேட்பதற்கு இது இரண்டாவது காரணம். மெட்ரோனோமை இதற்குப் பயன்படுத்த நல்ல வழி: 80 வேகத்தில் வாசிக்க விரும்பினால் 40இல் வையுங்கள், அந்தக் 'டிக்'கை இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். முதல் நாள் தலை சுற்றும், ஒன்றாம் தட்டு எங்கே என்றே தொலைந்துபோகும். மூன்றாம் நாள் அந்த 'டிக்' ஸ்னேர் போலக் கேட்கத் தொடங்கும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், நீளமான 'தா'வை அதன் முழு நேரமும் ஒலிக்க விடாமல், 'கி' வரும் இடத்தில் இடது கைவிரலின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்திப் பாருங்கள். விரல் கம்பியை விட்டு எழக்கூடாது, பிடி மட்டும் தளர வேண்டும். திறந்த கம்பியை உள்ளங்கை அடக்கிக்கொள்ளும். விழுங்கிய அந்த எழுத்து இப்போது உண்மையான மௌனமாகிவிடும். சில பாட்டுக்கு இது பொருந்தும், சிலவற்றுக்குச் சத்தம் தொடர்ந்து ஓடினால்தான் அழகு.

இந்த 2 2 4 4 உருவம் கிட்டாரில் பிறந்ததே அல்ல. பியானோக்காரர்கள் இடது கையால் உருட்டிக்கொண்டிருந்த பூகி-வூகி இது. பைன்டாப் ஸ்மித் 1928 டிசம்பரில் சிகாகோவில் பதிவு செய்த இசைத்தட்டு அந்தப் பெயரையே பரப்பியது. பியானோ இல்லாத இடங்களில், மிசிசிப்பி டெல்டாவின் தெருமுனைகளிலும் ஜூக் ஜாயிண்ட் எனப்படும் சாராயக்கடை ஆட்டக்கூடங்களிலும், ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஆட்களை ஆடவைக்க வேண்டியிருந்தது. அந்த இடது கையைத் தடித்த கம்பிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் இன்றைக்கும் எல்லோரும் கேட்பது ராபர்ட் ஜான்சனை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் பதிவுசெய்த 29 பாட்டுகள்தான் அவர் விட்டுச்சென்றது. 1938இல் 27 வயதில் இறந்துபோனார். அவர் கட்டைவிரலால் கீழே இந்த உருவத்தை ஓட்டிக்கொண்டே மற்ற விரல்களால் மேலே பதில் சொல்வதைக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும்.

அமெரிக்காவின் தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே ரயிலேறியபோது இந்த இசையும் கூடவே சிகாகோவுக்குப் போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டது. அங்கே ஷஃபிளை அதன் மிக எளிய, மிக நிம்மதியான வடிவத்தில் வாசித்தவர்கள் ஜிம்மி ரீடும் எடி டெய்லரும். இருவரும் மிசிசிப்பிக்காரர்கள், நண்பர்கள். ரீடுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்ததே டெய்லர்தான் என்பார்கள். ரீட் பாடிக்கொண்டு, கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவை ஊதிக்கொண்டிருக்க, டெய்லர் அடிக்கம்பிகளில் 2 2 4 4 என்று நடந்துகொண்டே இருப்பார். வீ-ஜே கம்பெனிக்காக 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அவர்கள் செய்த பதிவுகளைக் கேளுங்கள். அவசரமே இருக்காது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து காலாட்டுவது போன்ற ஒரு சுகம். ஷஃபிள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியாது.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் டெக்சாஸ்காரர் ஸ்டீவி ரே வான். 1983இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் 'ப்ரைட் அண்ட் ஜாய்' என்ற பாட்டு இருக்கிறது, ஈ ஸ்கேல் விரல்நிலையில் வாசித்தது. கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருப்பார், அதனால் பதிவோடு சேர்ந்து வாசிக்க உங்கள் கிட்டாரையும் இறக்க வேண்டும். தட்டில் கீழ்நோக்கி அடிக்கம்பி, 'ட' வரும் இடத்தில் மேல்நோக்கி மெல்லிய கம்பிகளில் அடக்கிய ஒரு சுண்டல். கை நிற்காமல் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். இதை இப்போதே தொடாதீர்கள், ஆறு மாதம் போகட்டும்.

சக் பெர்ரியையும் கேளுங்கள், வேறொரு காரணத்துக்காக. அவரும் இதே 2 2 4 4ஐத்தான் வாசிக்கிறார், ஆனால் சமமாக. 1958இல் வந்த 'ஜானி பி. குட்'டில் டிரம்ஸ் இன்னும் திஸ்ரத்தின் பக்கம் சாய்ந்திருக்க, கிட்டார் நேராக ஓடும். அந்த உரசலில்தான் ராக் அண்ட் ரோலின் துடிப்பு இருக்கிறது. ஆக, நீங்கள் சமமாக வாசிப்பதும் ஒரு பெரிய மரபுதான். ஷஃபிள் மட்டும் அது ஆகாது.

வேகம் கூடக் கூட நீளமும் குட்டையும் தானாகவே நெருங்கிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான பாட்டில் தகிட துல்லியமாகக் கேட்கும். விரைந்த பாட்டில் மூன்றில் இரண்டு என்ற கணக்கு கரைந்து சமத்தின் பக்கம் போகும். பதிவுகளைக் கேட்கும்போது கணக்கு சரியாக இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

ப்ளூஸில் ஒரு சுற்று என்பது 12 பார்; அந்த அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்கிறேன். ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ ஒன்று, கடைசிப் பாரில் ஈ. பாடல் வரிகளின் அமைப்பிலிருந்து வந்தது இது: ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாக அதற்குப் பதில். வரிக்கு நான்கு பார், அதில் ஏறத்தாழ முதல் பாதியில் குரல், மறுபாதியில் வாத்தியம். எண்ணிக்கொண்டே வாசிப்பதைவிட, மனதுக்குள் மூன்று வரியைப் பாடிக்கொண்டே வாசித்தால் எந்தப் பாரில் இருக்கிறோம் என்பது தொலையாது. சிலர் இரண்டாம் பாரிலேயே டி-க்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். யாரோடாவது சேர்ந்து வாசிக்கும் முன் "இரண்டாவதில் மாறுகிறோமா?" என்று கேட்டுவிடுங்கள்.

80 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 36 விநாடி ஆகும். பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசித்தால் பதினாறு சுற்று வரும். தினமும் அந்தப் பதினாறு சுற்று போதும், ஆனால் நிறுத்தக் கூடாது. தவறினாலும் வலது கை ஓடிக்கொண்டே இருக்கட்டும், இடது கை அடுத்த பாரில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். நான்காவது, ஐந்தாவது சுற்றில் வேகம் ஏறத் தொடங்கும். டி-யிலிருந்து ஏ-வுக்குத் திரும்பும் இடத்தில்தான் அது பெரும்பாலும் நடக்கும், மாற்றத்துக்குப் பயந்து கை முன்கூட்டியே பாய்வதால். அங்கே கால் தட்டுவதைக் கவனித்தால் போதும்.

கடைசி இரண்டு பாருக்கு ஒரு அலங்காரம் தருகிறேன், டர்ன்அரவுண்ட் என்பார்கள். சுற்று முடிந்து மறுபடி தொடங்குவதை அறிவிக்கும் இடம், நம் தீர்மானம் போல. 11ஆம் பாரின் முதல் தட்டில் ஐந்தாம் கம்பியைத் திறந்து ஒரு அடி. பிறகு முதல் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலை ஊன்றிவிடுங்கள், அது நகராது. நான்காம் கம்பியில் இரண்டாம் தட்டுக்கு 5, மூன்றாம் தட்டுக்கு 4, நான்காம் தட்டுக்கு 3, 12ஆம் பாரின் முதல் தட்டுக்கு 2 என்று இறங்குங்கள். பிக்கால் நான்காம் கம்பி, நடுவிரலால் முதல் கம்பி, இரண்டையும் ஒன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். 11ஆம் பாரில் இறங்கும் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று தடவை: த, கி, ட. 12ஆம் பாரில் ஒரே தடவை கிள்ளிவிட்டு, இரண்டாம் தட்டிலிருந்து ஈ ஏழு (E7) கார்ட். பத்து பாராக விழுங்கிக்கொண்டே வந்த 'கி' இங்கேதான் முதல் முறையாக வாய்விட்டு ஒலிக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு பார் காதில் அப்படித் தித்திக்கிறது என்று நினைக்கிறேன்.

திறந்த கம்பி இல்லாத ஸ்கேல்களுக்குப் போகும்போது ஒரு சிக்கல் வரும். ஆறாம் கம்பியில் சுட்டுவிரல், ஐந்தாவதில் இரண்டு ஃப்ரெட் தள்ளி மோதிர விரல், அங்கிருந்து இன்னும் இரண்டு ஃப்ரெட் தள்ளி சுண்டுவிரல். 3ஆம் ஃப்ரெட்டில், அதாவது ஜி-யில், தொடங்கச் சொல்லித்தரும் பாடங்கள் நிறைய உண்டு. சராசரி எலக்ட்ரிக் கிட்டாரின் 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் அங்கே 3ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7ஆம் ஃப்ரெட் வரை 112 மில்லிமீட்டர் விரிக்க வேண்டும். அதே உருவத்தை 8ஆம் ஃப்ரெட்டில், சி-யில், வாசித்தால் 84தான். எனவே மேலே தொடங்கி, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் நடுவில் இருக்கட்டும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.

எலக்ட்ரிக் கிட்டார் பற்றிக் கேட்டீர்கள். தேவையில்லை. ராபர்ட் ஜான்சனிடம் இருந்ததும் அக்கூஸ்டிக்தான். எலக்ட்ரிக்கில் கம்பி மெலிதாக இருப்பதால் விரலை விரித்து அழுத்துவது சுலபம், ஆனால் ஆம்ப்ளிஃபையர் உங்கள் உள்ளங்கை அடக்காமல் விட்ட ஒவ்வொரு கம்பியையும் ஊருக்கே கேட்கவைக்கும். அக்கூஸ்டிக்கில் வலது கை சுத்தமான பிறகு மாறினால் அந்தத் தொல்லை இல்லை. இப்போது உங்கள் கிட்டாரில் 12 கேஜ் (கம்பியின் பருமன்) கம்பி போட்டிருந்தால், அடுத்த முறை மாற்றும்போது 11 போடுங்கள். சுண்டுவிரலுக்கு அது பெரிய உதவி.